42 அடி இட்லிப்பூ வேலி: பெயர்த்து நடலாமா, எடுத்துவிடலாமா?

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவைப் புறநகரில் ஒரு வீடு. முன்பக்கம் மதில் இல்லை. கம்பி வலையும், அதை ஒட்டி அம்மா 2011இல் நட்டுவைத்த இட்லிப்பூ வேலியும்தான். 42 அடி நீளம், ஒன்றரை அடிக்கு ஒன்று என்று 28 செடி, நாலரை அடி உயரம். இப்போது வீட்டுக்குக் கார் வந்திருக்கிறது. வேலியை ஆறு அடி உள்ளே தள்ளிவிட்டால் அந்த இடத்தில் ரோட்டோரமாகக் காரை நிறுத்திக்கொள்ளலாம் என்று யோசனை. ஒரு நர்சரிக்காரர் பொக்லைன் வைத்து எல்லாவற்றையும் பெயர்த்து நட்டுத் தருகிறேன், செடிக்கு 1,500 ரூபாய் என்கிறார். மேஸ்திரியோ, "அதெல்லாம் வம்பு, பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா வைங்க" என்கிறார். பக்கவாட்டில் 20 அடிக்கு அடி மொட்டையான மருதாணி, பின்னால் தாத்தா காலத்துக் கிளுவை வேலி. அவற்றையும் இதோடு சேர்த்து எடுத்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. அம்மாவுக்கு எதையும் எடுப்பதில் சம்மதம் இல்லை. ஆடி பிறக்கப் போகிறது, அதற்குள் முடிவு வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேலாகச் செடி வளர்த்து விற்பதும் தோட்டம் போட்டுத் தருவதும்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முழு வரிசையையும் பெயர்க்காதீர்கள், முழு வரிசையையும் எடுக்கவும் வேண்டாம். ஏழு செடி அகலத்துக்கு ஒரு வாசல் திறந்தால் உங்கள் வேலை முடிந்துவிடும்.

செடியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு டேப்பை எடுத்துக் காரை அளந்து பாருங்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார் என்றாலும் அகலம் சுமார் 1.7 மீட்டர் வரும், அதாவது ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல். பக்கக் கண்ணாடி அதில் சேராது. ஆறு அடிப் பட்டையில் அதை நிறுத்தினால் ஒரு பக்கக் கதவு ரோட்டில் திறக்கும், மறுபக்கக் கதவு புது இடத்தில் நட்ட வேலியில் போய் இடிக்கும். ஆறு அடிக்காக 28 செடியை அசைத்துவிட்டு, அப்புறம் அது போதாது என்று இன்னும் இரண்டடி தள்ளுவீர்கள். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலிக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் 20 அடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மீட்டர் என்பது 13 அடிதான். காரை நேராக உள்ளே விட்டு நிறுத்தினால் முன்னால் பின்னால் நடக்க இடம் வைத்தும் தாராளம். அதற்குத் தேவை பத்து பத்தரை அடி அகல வாசல். ஏழு செடி இருக்கும் இடம் அது. மீதி 21 செடியும் நின்ற இடத்தில் நிற்கட்டும்.

ஆனால் ஒன்று. இன்னும் ஓரிரு வருடத்தில் முன்பக்கம் மதில் எழுப்பும் எண்ணம் இருந்தால் கதையே வேறு. மதிலுக்கு அஸ்திவாரம் பறிக்கும்போது வேலியின் ஒரு பக்க வேர் மொத்தமும் போய்விடும், மேலே சிமெண்ட் கலவையும் கொட்டும். அப்படியொரு திட்டம் இருந்தால் மதிலை முதலில் முடியுங்கள். வேலியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இனி, நர்சரிக்காரர் சொன்ன கணக்குக்கு வருகிறேன். 28 செடிக்கு 42,000 ரூபாய். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பணத்தைக் கொடுத்தாலும் 28 செடி உங்களுக்குக் கிடைக்காது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

நன்றாக வேர் விட்ட செடியைப் பெயர்க்கும்போது வேரோடு ஒட்டிய மண்ணையும் உருண்டையாக எடுக்க வேண்டும். தாய்மண் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். உங்கள் வயதுச் செடிக்கு அந்தத் தாய்மண் குறைந்தது இரண்டு இரண்டரை அடி குறுக்களவு இருந்தால்தான் நம்பிக்கை. உங்கள் செடிகளோ ஒன்றரை அடிக்கு ஒன்று நிற்கின்றன. பத்து வருடத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்ற செடிகளின் வேர், பாய் பின்னியது போல ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கும். ஒரு செடிக்கு முழுத் தாய்மண் எடுத்தால் இரண்டு பக்கத்துச் செடியின் பாதி வேரும் அதோடு வந்துவிடும். எல்லாவற்றையும் காப்பாற்றப் போனால் எல்லாமே அரைவேரோடு வரும். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் ஒன்று விட்டு ஒன்று பலி கொடுக்க வேண்டும். அப்போது 28 என்பது 14 ஆகிவிடும். 42 அடிக்கு 14 செடி என்றால் மூன்று அடிக்கு ஒன்று. அதற்குப் பெயர் வேலியா?

எடையையும் யோசியுங்கள். ஒன்றரை அடி நீள அகலம், ஒன்றேகால் அடி ஆழம் என்று சின்னதாகவே எடுத்தாலும் ஈர மண் 120, 130 கிலோ வரும். அதைப் பொக்லைன் வாளியில் அள்ளலாம்தான். வாளி வேரை அறுக்காது, பிய்க்கும். அறுத்த வேர் வெட்டிய இடத்திலிருந்து புது வேர் விடும். பிய்ந்த வேர் நார் நாராகத் தொங்கி அப்படியே அழுகும். தூக்கும்போது செம்மண்ணாக இருந்தால் பாதி வழியிலேயே உருண்டை உதிர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டும் என்றால் நானே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பல்லடம் பக்கம் ஒரு வீட்டில் 30 செம்பருத்தியை இடம் மாற்றிக் கொடுத்தேன். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம், வேலை வேண்டும் என்று எனக்கு அவசரம். மாதம் சித்திரை. நட்ட மூன்றாம் நாள் வரை இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் பாதி வரிசை காய்ந்த பீடி இலை மாதிரி நின்றது. கடைசியில் பிழைத்தது 11. அந்தப் பதினொன்றும் ஒரே இடத்தில் பிழைக்கவில்லை. அங்கொன்று இங்கொன்றாக, பல் விழுந்த வாய் போல. தனிச் செடி 30 வைத்திருந்து 11 பிழைத்தால் 11 செடி மிச்சம். வேலியில் 30க்கு 25 பிழைத்தாலும் ஐந்து ஓட்டை விழுந்த வேலிதான் மிச்சம். அதே வயதில் ஐந்து செடி எந்த நர்சரியிலும் கிடைக்காது. அந்த வீட்டுக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அது போகட்டும்.

மேஸ்திரி சொன்னது பாதி சரி. முழு வரிசையும் போகத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால் நானும் புதுசு வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒன்றரை இரண்டடி உயரப் பைச்செடி எங்கள் பக்கம் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெயர்த்து நட்ட செடி முதல் வருடம் வளரவே வளராது, வேரைத் தேற்றிக்கொள்வதிலேயே காலம் போகும். இரண்டாம் வருடம் துளிர் காட்டும். மூன்றாம் வருடம் பார்த்தால், ஒழுங்காகக் குழி எடுத்து நட்ட பைச்செடி வரிசை அதற்குச் சமமாக, ஒரே சீராக நிற்கும். இட்லிப்பூ வளர்வதில் அவசரப்படாத செடி என்பதால் கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும். ஆனால் உங்களுக்கு அந்தக் கட்டாயமே இல்லை என்பதுதான் என் வாதம்.

சரி, அந்த ஏழு செடியை என்ன செய்வது?

வாசல் திறக்கும் இடத்தில் நிற்கும் ஏழையும் இடமிருந்து 1 முதல் 7 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 2, 4, 6 மூன்றும் பெயர்த்து நட வேண்டியவை. 1, 3, 5, 7 நான்கும் விட்டுக்கொடுக்க வேண்டியவை. இப்படிச் செய்தால் 2, 4, 6 ஒவ்வொன்றுக்கும் வரிசை வாக்கில் தாராளமாக மண் கிடைக்கும். 1ஐயும் 7ஐயும் அடியோடு அறுத்துவிட்டுக் கட்டையை மெதுவாக எடுத்தால், அதற்கு அடுத்தாற்போல் நிற்கப்போகும் வேலிச் செடிக்கும் அதிகச் சேதம் வராது.

எடுக்கப்போகும் செடிகளின் அடித்தண்டைப் பாருங்கள். பெருவிரல் கனத்தில் பல தண்டுகளாகக் கிளைத்திருந்தால் நல்லது. மணிக்கட்டுக் கனத்தில் ஒற்றைக் கட்டையாக இருந்தால் அதற்கு மெனக்கெட வேண்டாம், பக்கத்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தால் அந்தக் கிளை முடிந்தது.

விட்டுக்கொடுக்கப்போகும் நான்கில் ஆடியிலேயே பதியன் போடுங்கள். அம்மா நட்ட செடி என்ற மனத்தாங்கலுக்கு என்னிடம் இருக்கும் மருந்து இதுதான். பதியனில் வருவது அதே செடி. விதையில் வருவது போல வேறொன்று இல்லை. தரையை ஒட்டிய கிளை இருந்தால் வளைத்து, மண்ணில் படும் இடத்தில் பட்டையைக் கொஞ்சம் சீவி, மேலே மண் போட்டு ஒரு கல்லை வைத்துவிடுங்கள். தாழ்ந்த கிளை இல்லையென்றால் பென்சில் கனக் கிளையில் ஓர் அங்குலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, நனைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீன் சுற்றி இரண்டு முனையும் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பாலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும். ஒரு செடிக்கு நான்கு பதியன் போட்டால் மொத்தம் 16. அதில் பத்து வந்தாலும் போதும், வேலியில் மெலிந்த இடத்தை அடைக்க அவை உதவும். குச்சி வெட்டியும் நடலாம்தான், ஆனால் இட்லிப்பூக் குச்சி வேர் பிடிக்கக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பதியன்தான் அதைவிட நம்பகம்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லி ஆடியிலேயே செடியைப் பெயர்க்க வந்துவிடுவார்கள். அது விதைக்குச் சொன்னது. கோவைப் பக்கம் ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. அம்மியே பறக்கும் என்கிற காற்றில், வேர் போன செடியின் இலை என்ன பாடு படும்? தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை, காற்றோ நாளெல்லாம் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் ஆடியையும் ஆவணியையும் தயாரிப்புக்கு வைத்துக்கொண்டு, ஐப்பசியில் இரண்டு நல்ல மழை இறங்கி வெயில் தணிந்த பிறகு பெயருங்கள். கார் அதுவரை வெளியே நிற்கட்டும்.

தயாரிப்பு என்று நான் சொல்வது வேர் அறுப்பு. ஆடியில் 2, 4, 6 செடிகளுக்கு ரோட்டுப் பக்கம், தண்டிலிருந்து ஓரடி தள்ளி ஒரு மண்வெட்டி அகலத்துக்கு ஒன்றரை அடி ஆழக் கால்வாய் வெட்டுங்கள். குறுக்கே வரும் வேரைக் கத்தரியாலோ ரம்பத்தாலோ நறுக்கென்று அறுங்கள், கடப்பாரையால் குத்திப் பிய்க்காதீர்கள். அந்தக் கால்வாயில் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பித் தண்ணீர் விடுங்கள். ஆவணியில் வீட்டுப் பக்கம் இதையே செய்யுங்கள். அறுத்த இடத்தில் முடி முடியாகப் புது வேர் விடும். தண்ணீரை உறிஞ்சுவது இந்த முடி வேர்தான், தடித்த வேர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய் மட்டும். ஐப்பசியில் பெயர்க்கும்போது இந்த முடி வேரெல்லாம் தாய்மண்ணோடு வந்துவிடும்.

முதல் கால்வாயை வெட்டும்போது நின்று நிதானமாகப் பாருங்கள். மேல் ஓரடி மண்ணுக்குள் சுண்டுவிரல் கனத்தில் நிறைய வேர் குறுக்கே ஓடினால் செடி பெயர்த்தலுக்குத் தோதானது. கால்வாயில் ஒன்றுமே தென்படாமல் இரண்டு மூன்று தடித்த வேர் செங்குத்தாக இறங்கினால், அந்தச் செடியை விட்டுவிட்டுப் பதியனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம், அந்த ஒன்றரை அடிப் பள்ளமே சொல்லிவிடும்.

பெயர்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு மண்ணை ஊறப்போடுங்கள். செம்மண் காய்ந்திருந்தால் உதிரும், சொதசொதவென்று இருந்தாலும் உதிரும். பிடித்தால் உருண்டை நிற்கும் பதம் வேண்டும். அதே நாளில் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். குழியை முதலிலேயே தோண்டி வைத்திருக்க வேண்டும், செடியை எடுத்து வைத்துக்கொண்டு குழி தோண்டக் கூடாது. தாய்மண்ணுக்கு அடியில் கோணிச்சாக்கை நுழைத்து, நாலு மூலையையும் இழுத்துக் கட்டி, இரண்டு பேர் சாக்கோடு இழுத்து வாருங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் அத்தனை வேலையும் வீண். சாக்கை அவிழ்த்து, முன்பு மண் மட்டம் எங்கே இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று கழுத்து வரை புதைப்பது நம் ஊரில் ஒரு பழக்கம். கழுத்து அழுகி மூன்றாம் மாதம் செடி சாயும்.

நட்ட பிறகு பச்சை நிழல்வலை ஒன்றை ஒரு மாதத்துக்கு மேலே கட்டிவிடுங்கள். சருகு, தென்னை மட்டை, எது கையில் கிடைக்கிறதோ அதை அடியில் மூடாக்காகப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு உரமே வேண்டாம், முக்கியமாக யூரியா. விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். செடி வாடுகிறதே என்று தினம் குடம் குடமாக ஊற்றுவதில்தான் பாதிச் செடி போகிறது. வேர் இல்லாததால் வாடுகிறது, தண்ணீர் இல்லாததால் இல்லை.

மூன்றையும் எங்கே நடுவது? திண்ணை ஓரமாக, தனித்தனியாக, மூன்றடி இடைவெளியில். வரிசைக்குள் செருகாதீர்கள், அங்கே பெரிய தாய்மண்ணுக்கு இடம் இல்லை. திண்ணைக்கு மிக அருகிலும் வேண்டாம். வீடு கட்டிய காலத்துச் சிமெண்ட், சுண்ணாம்பு, செங்கல் தூள் எல்லாம் அந்த ஓரத்து மண்ணில்தான் புதைந்திருக்கும். இட்லிப்பூவுக்குப் பிடித்தது கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ள மண். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்தை அதனால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளாகும். கோவையில் சுண்ணாம்புக்கல் கலந்த மண் உள்ள இடங்களில் இந்த மஞ்சள் வேலியைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இடிபாடுகளைப் பொறுக்கிவிட்டு இரண்டு கூடை நல்ல செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் போட்டு நடுங்கள். அப்படியும் மஞ்சளானால், செடி வேர் பிடித்த பிறகு அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து, ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலத்தில் இலையில் தெளிக்கலாம்.

வாசல் திறந்ததும் வெட்டுப்பட்ட இரண்டு முனையும் அசிங்கமாகத் தெரியும். இத்தனை வருடம் பக்கத்துச் செடியின் நிழலில் இருந்த பக்கம் அது, இலையே இருக்காது, குச்சியாக நிற்கும். பயந்து எடுத்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் அந்தக் குச்சியிலிருந்தே துளிர்க்கும், மூடிக்கொள்ள ஒரு வருடம் ஆகும்.

இனி மருதாணி. ஆறடி உயரம், அடி மொட்டை, அதனால் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஆழ வேர் விட்ட செடி அது. எடுக்கவும் வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு, முடிந்தால் அதற்கும் கீழே, மொத்தமாக வெட்டிவிடுங்கள். கொலை மாதிரி இருக்கும். ஆனால் ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் பக்கம் மருதாணியை வயலாகவே வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் அறுவடை என்ற பெயரில் தரையை ஒட்டி அறுக்கிறார்கள், அதே கட்டை பல வருடம் திரும்பத் திரும்பத் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் வேலி மொட்டையானதற்குக் காரணம் இத்தனை வருடமும் உச்சியை மட்டும் கத்தரித்ததுதான். மேலே குடை மாதிரி படர்ந்து கீழே வெளிச்சத்தை மறைத்துவிட்டது. துளிர் வந்ததும் ஓரடி வளரும்போதெல்லாம் நுனியைக் கிள்ளுங்கள், அடிப்பக்கத்தை மேல்பக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக விடுங்கள். பழைய மருதாணிக்கு முள் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய இலையை வீணாக்காமல் தெருவில் கேட்டால் வாங்கிக்கொள்ள நாலு பேர் வருவார்கள்.

கிளுவை வேலியைத் தொடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நம் கொங்கு நாட்டில் காங்கேயம் மாடு மேயும் கொரங்காடு முழுக்க இந்த வேலிதான். கொழுக்கட்டைப் புல்லும் நடுவில் வெள்வேல மரமும் சுற்றிலும் கிளுவையும் என்று, ஆடு மாடு தாண்டாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்கிறது. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. கோடையில் இலை முழுக்க உதிர்த்துச் செத்தது போல நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "காய்ஞ்சு போச்சு, எடுத்துடலாம்" என்று பலர் ஆள் விடுகிறார்கள். முதல் மழைக்குப் பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். எங்காவது சந்து விழுந்திருந்தால், பழைய செடியிலிருந்தே மூன்று நாலடிக்குப் போத்து வெட்டி, வெட்டுவாய் காயும் வரை நிழலில் போட்டு, மழைக்கு முன்னால் ஓரடி ஆழத்தில் ஊன்றுங்கள். பெயர்த்து நடுவது என்ற பேச்சே கிளுவைக்குத் தேவையில்லை, கிளையே நாற்று.

அதை எடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் எல்லை. தாத்தா காலத்து வேலி என்றால் பக்கத்துக்காரர் இத்தனை வருடமும் ஒத்துக்கொண்ட கோடு அது. வேலி போன மறுவாரமே "உங்க வேலி ரெண்டடி எங்க பக்கம் இருந்துச்சு" என்று பேச்சு வரும். எப்போதாவது எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், புலப்படத்தை வைத்துச் சர்வேயரைக் கூட்டி அளந்து கல் நட்ட பிறகு கத்தியை எடுங்கள்.

எல்லா வேலிக்கும் இப்படி வக்காலத்து வாங்குவேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வேலி இட்லிப்பூவாக இல்லாமல் ஃபைகஸ் ஆகவோ கோனோகார்பஸ் ஆகவோ இருந்து, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ செப்டிக் டேங்கோ இருந்திருந்தால், முதல் வரியிலேயே எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருப்பேன். அவற்றின் வேர் ஈரத்தைத் தேடிக் குழாய்க்குள்ளேயே போகும். கோனோகார்பஸ் நடுவதைக் குஜராத் அரசு 2023இல் தடையே செய்துவிட்டது. அரளி வேலி என்றால், குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் நான் வைக்கச் சொல்வதில்லை. எடுக்கும்போதும் வெட்டியதைக் கொளுத்தக் கூடாது, அதன் புகையும் விஷம். திருகுகள்ளியின் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். நட்டு இரண்டு மூன்று வருடமே ஆன வேலி, அதுவும் மூன்றடி இடைவெளியில் நட்டது என்றால், அதை முழுசாகவே பெயர்க்கலாம். நானே மகிழ்ச்சியாகச் செய்து கொடுப்பேன்.

ஐப்பசியில் மண்வெட்டி எடுக்கும் முன்பு இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். நாலரை அடி அடர்த்தியான இட்லிப்பூ சின்னானுக்குப் பிடித்த இடம், தையல்சிட்டும் வரும். இலையை விலக்கிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை இருந்தால் ஒரு மாதத்துக்குள் குஞ்சு பறந்துவிடும், அதுவரை அந்தச் செடியை விட்டுவையுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டையையும் கூட்டையும் கலைப்பதுகூட வேட்டை என்ற வரையறைக்குள்தான் வருகிறது. கூடு தேடும்போது கையை விடாமல் ஒரு குச்சியை விடுங்கள், கொம்பேறிமூக்கன் பாம்பும் அதே கூட்டைத்தான் தேடி வரும்.

இன்னொன்று கரண்ட். கேட்டுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் மின்கம்பத்திலிருந்து வரும் கேபிள், போர் மோட்டார் ஒயர், எர்த் குழி, தண்ணீர்க் குழாய் எல்லாம் புதைந்திருக்கும். வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் ஊரில் இருந்தால் கூப்பிட்டு, எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் கோடு ஏழு செடிக்கு நடுவில் போனால் வாசலை இடது பக்கமோ வலது பக்கமோ நாலு செடி தள்ளி வையுங்கள். ஆடியில் பதியன் போட ஆரம்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது, எந்த ஏழு செடி என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும்.